இஷாப்பூர்த் துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றி எழுதுவதற்கு ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரம்பைத் தவிர வேறு ஆயுதம் எதையும் நான் கையில் எடுத்தவனல்லேன். அந்தப் பிரம்பையும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உபாத்தியாயர்கள் கீழே வைத்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், பழைய பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்றுடன் பத்து நாட்கள் பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்தத் துப்பாக்கி நமது தேசத்தில் பிறந்தது என்பதே அதைப் பற்றி எழுத எனக்குள்ள ஒரே பாத்தியதை.

கல்லூரியில் என்னுடன் படித்த நண்பர் ஒருவர் அவ்வூரில் குடும்பத்துடன் வசிக்கிறார். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, காப்பி சாப்பிட்டு முடித்ததும், "நம் நாட்டுச் சரக்கு ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது, வந்து பார்க்கிறாயா?" என்றார். மிளகாய் வற்றலோ, தஞ்சாவூர்த் தட்டோ என்று எண்ணிக்கொண்டு போனேன். அவருடைய பன்னிரண்டு வயதுப் பெண்ணும் கூடவே வந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபத்தைந்து வயதுக் கிழவர். ஆயுள் முழுவதும் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேஜை. அதன் மேல் பழைய துணி விரித்து, கறுத்து எண்ணெய்ப் பிசுக்கேறிய நீண்ட துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் விளக்கை அருகில் இழுத்து, இரும்பின் வலப்புறத்தில் வெட்டியிருந்த முத்திரையைக் காட்டினார். மேலே ஒரு கிரீடம். அதன் கீழ் ஆங்கில மன்னன் பெயரின் முதலெழுத்துக்கள். அதற்கும் கீழே 'இஷாப்பூர்', '1918' என்று இரண்டு வரிகள்.

"இந்த ஊர் உங்கள் நாட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் கிழவர்.

ஹூக்ளி நதிக் கரையில்

நான் சரித்திர வகுப்பு எடுக்கிறவன். கேட்டவரை எளிதில் விட்டுவிடுவேனா? கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக் கரையில் உள்ளது இஷாப்பூர். கும்பினியார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே வெடிமருந்துச் சாலை வைத்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலை 1904-இல் ஏற்பட்டது. அதிலிருந்து தெற்கே சில மைல் தூரத்தில் இருப்பது பாரக்பூர். மங்கள் பாண்டே 1857-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 29-ஆம் தேதி வெள்ளை அதிகாரிகளை எதிர்த்து எழுந்த பாரக்பூர் இதுவே. கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதையை நேயர்கள் அறிவார்கள். அந்தத் தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து வந்த 'என்பீல்ட்' துப்பாக்கிக்கு உரியவை. லண்டனுக்கு வடக்கே உள்ள என்பீல்ட் என்னும் ஊரில் ராணுவத் துப்பாக்கிச் சாலை இருந்தபடியால் அந்தப் பெயர் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதே பெயருடைய வேறொரு துப்பாக்கியை அதே நதிக் கரையில், நம்மவர் கைகளைக் கொண்டே செய்வித்தார்கள்.

இந்த இரண்டாவது துப்பாக்கியின் முழுப் பெயர் 'லீ-என்பீல்ட்'. ஸ்காத்லாந்தில் 1831-இல் பிறந்து, கானடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் நடத்திய ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அதன் தோட்டாப் பெட்டிக்கும், முன்னும் பின்னும் தள்ளும் தாழ்ப்பாளுக்கும் வழி கண்டவர். ஆங்கிலேயப் பட்டாளம் 1895-இல் இதை ஏற்றுக்கொண்டது. காலாட்படைக்கு நீளமாக ஒன்று, குதிரைப்படைக்குக் குட்டையாக ஒன்று என்று இருந்ததை மாற்றி, இருவருக்கும் பொதுவாக 44½ அங்குல நீளத்தில் ஒரே துப்பாக்கியாகப் பின்னர் அமைத்தார்கள். 1907-இல் வந்த மூன்றாம் மாதிரிதான் எங்கள் முன் மேஜையில் கிடந்தது. எடை ஏறத்தாழ நாலு கிலோ. பெட்டியில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். குழாயின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. 'த்ரீ நாட் த்ரீ' என்று நம் போலீஸ்காரர்கள் சொல்லும் துப்பாக்கி இதுவே.

கழற்றும் சாஸ்திரம்

இரண்டு மகா யுத்தங்களுக்கும் பிறகு, உலகத்துச் சர்க்கார்கள் பலவும் தங்கள் பழைய துப்பாக்கிகளை மலிவாக விற்றுத் தள்ளின. அமெரிக்காவில் அவற்றை வாங்கியவர்கள் மான் வேட்டைக்கு வசதியாக முன்கட்டையை அறுத்து எறிந்தார்கள். இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அறுத்த கட்டைக்குப் பதில் கட்டை தேடி, பழைய உருவத்தைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். நாம் வீணை பழுது பார்ப்பது போல அவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. இந்தியச் சர்க்கார் கழித்து விற்ற துப்பாக்கிகளும் சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஏராளமாக அத்தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கிழவருடையது அப்படி வந்த ஒன்று. அனுமதி பெற்ற வியாபாரியிடம், தம்முடைய பூர்வோத்தரங்களை விசாரித்த பிறகே தமக்குக் கொடுத்தார்கள் என்றார். நல்ல வேளையாக இதன் கட்டையை யாரும் அறுக்கவில்லை. ஆனால் அழுக்கும் துருவும் மூடி, பார்ப்பதற்கு அடுப்பில் எரிந்து மிஞ்சிய கொள்ளி போலவே இருந்தது.

வேலை தொடங்குமுன் கிழவர் செய்த முதற் காரியம், தாழ்ப்பாளை உருவி வெளியே எடுத்து, உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டது. நேற்றுப் பார்த்தோமே என்று ஒரு நாளும் அவர் விட்டுவிட்டதில்லை. பத்து நாட்களும் இதே கிரமம்.

அடுத்து, கழற்றும் முறை. இந்தத் துப்பாக்கியின் பின்கட்டையை ஒரு நீண்ட போல்ட் இரும்போடு பிணைத்திருக்கிறது. அந்தப் போல்ட்டின் சதுரமான நுனி முன்கட்டைக்குள் நுழைந்து அகப்பட்டுக்கொண்டிருக்கும். முன்கட்டையை முதலில் அகற்றாமல் பின்னால் திருப்புளியைப் போட்டுத் திருகினால், சதுர நுனி திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். "அவசரக்காரர்கள் பிளந்த கட்டைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்" என்றார் கிழவர். இலக்கணத்தில் விகுதியைப் பிரிக்குமுன் சந்தியைப் பார் என்று நான் மாணவர்களிடம் சொல்வது ஏனோ என் நினைவுக்கு வந்தது.

பட்டாளத்துக் கிடங்குகளில் துப்பாக்கிகளைப் பல வருஷம் அடைத்துவைக்கும்போது கெட்டியான ஒரு மசகைப் பூசிவிடுவார்கள். அது காலப்போக்கில் மெழுகைப் போல் இறுகி, மரத்தின் நரம்புகளுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். கட்டைகளைத் துணியில் சுற்றிக் கறுப்புப் பைக்குள் போட்டு வெயிலில் வைத்தார். மாலையில் திறந்தால் துணி முழுவதும் பழுப்பாக நனைந்திருந்தது. நாலு நாள் இப்படிச் செய்த பிறகே மரத்தின் நிறம் வெளிப்பட்டது. அக்ரோட்டு மரம், நல்ல புளியம்பழ ஓட்டின் நிறம்.

துருவைப் போக்க அவர் அரத்தையோ உப்புத்தாளையோ தொடவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய செப்பு நாணயம் ஒன்றின் விளிம்பால் சுரண்டினார். அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் 1982 வரையில் பெரும்பாலும் செம்பாகவே இருந்தது. பிறகு துத்தநாகத்துக்குச் செப்பு முலாம் பூசினார்கள். செம்பு எஃகைக் காட்டிலும் மிருதுவானது. ஆகவே துரு உதிருமே தவிர, எஃகில் கீறல் விழாது. நண்பரின் பெண்ணுக்கு இந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. முகமெல்லாம் கரியாகும்படி இரண்டு நாள் சுரண்டினாள்.

குழாயின் உட்புறத்துக்கு வைத்தியம் வேறு. பழைய காலத்துத் தோட்டாவின் அடியில் தீப்பொறி எழுப்பும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின், சமையலுப்புக்குத் தம்பி முறையான ஓர் உப்பாகக் குழாயில் படியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அதுபோலவே இந்த உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழாயை அரித்துவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆதலால் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் கொதிக்கும் தண்ணீரைக் குழாயில் ஊற்றி, கயிற்றில் துணி கட்டி இழுத்துத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் இடுவார்கள். அந்தக் கயிற்றையும், பித்தளை எண்ணெய்க் குப்பி ஒன்றையும் வைப்பதற்குப் பின்கட்டையின் அடியில் சிறு அறை உண்டு. திறந்து பார்த்தோம். குப்பி இல்லை.

கட்டையில் கண்ட ஒட்டு

ஐந்தாம் நாள் காலை கிழவர் எங்களை அவசரமாகக் கூப்பிட்டனுப்பினார். பின்கட்டையின் இடப்புறத்தில், மசகு முழுவதும் நீங்கிய இடத்தில், நீள்சதுரமான ஒரு கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்தால், அடிபட்டுச் சிதைந்த பாகத்தை யாரோ ஒழுங்காக வெட்டியெடுத்துவிட்டு, அதே அளவில் வேறொரு மரத்துண்டைப் பொருத்தி, இரண்டு பித்தளை ஆணிகளால் இறுக்கியிருக்கிறார்கள். மயிரிழை இடைவெளி கிடையாது. மரத்தின் ரேகை ஓடும் திசையைக்கூடப் பார்த்து ஒட்டியிருந்தது.

"கட்டை கெட்டுவிட்டது, புதியது வாங்கி மாட்டலாம் என்று நினைத்திருந்தேன்" என்றார் கிழவர். "இப்போது மாட்டேன். ஐம்பது வருஷம் இந்தத் தொழில் செய்தவன் சொல்கிறேன்: இது தேர்ந்த தச்சன் கை. உங்கள் நாட்டுப் பட்டாளத்துப் பட்டறைகளில் இப்படி ஒட்டுப் போடுவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே ஒரு கட்டையைக்கூட வீணாக்க மாட்டார்களாம்."

எனக்குத் தொண்டை அடைத்தது. முத்திரையில் மன்னன் பெயர் இருக்கிறது. ஆங்கிலேயர் ஊரின் பெயரும் அமெரிக்கர் லீயின் பெயரும் துப்பாக்கிக்கே சூட்டப்பட்டிருக்கின்றன. இந்த ஒட்டைப் போட்ட நம்முடைய ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் ஏழு கடல் தாண்டி அவனுடைய வேலையை இன்னொரு ஆசாரி அடையாளம் கண்டுகொண்டார்.

அதற்குப் பிறகு வேலை வேறு விதமாக நடந்தது. கட்டையில் நசுங்கிய பள்ளங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சமமாகிவிடும். ஆனால் முத்திரைகளும் ஒட்டின் விளிம்பும் அதனுடன் போய்விடும். ஆகவே ஈரத்துணியைப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஒற்றினார். நீராவி உள்ளே இறங்க, நசுங்கிய மரநார்கள் பருத்துத் தாமாகவே மேலெழுந்தன. ஒட்டின் மேல் மட்டும் பெட்டி படாமல் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையில் சில துளிகள் விட்டு, கை சுடும்வரையில் தேய்க்க வேண்டும். ஒரு வாரத்துக்குத் தினம் ஒரு முறை, ஒரு மாதத்துக்கு வாரம் ஒரு முறை, ஒரு வருஷத்துக்கு மாதம் ஒரு முறை என்பது தச்சர்களின் கணக்கு. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காயும்போது தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். கிழவர் ஒவ்வொரு நாளும் துணியைத் தண்ணீரில் முக்கி வெளியே விரித்துவிட்டே விளக்கை அணைத்தார். ஜன்னல் கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும் வழக்கமுள்ள நம் வீடுகளிலும் இதைக் கவனிப்பது நல்லது.

பெண் கேட்ட கேள்வி

எட்டாம் நாள் என்று ஞாபகம். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று, "மாமா, 1918 என்றால் அதற்கு அடுத்த வருஷம்தானே ஜாலியன்வாலா பாக்?" என்று கேட்டாள்.

ஆம் என்றேன்.

"அங்கே சுட்டது இந்த மாதிரித் துப்பாக்கியா?"

அதற்கும் ஆம் என்றே சொல்ல வேண்டியிருந்தது. கிழவர் கையை நிறுத்திவிட்டு, என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னேன். 1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி, அமிர்தசரஸில், சுவர்களால் சூழப்பட்ட ஒரு மைதானத்தில் கூடியிருந்த நிராயுதபாணிகளான ஜனங்களின் மீது, ஜெனரல் டையர் முன்னறிவிப்பின்றிச் சுட உத்தரவிட்டான். ஐம்பது சிப்பாய்கள், சுமார் பத்து நிமிஷம், 1,650 தோட்டாக்கள். இறந்தவர்கள் 379 பேர் என்று சர்க்கார் கணக்குக் காட்டியது. உண்மையில் மிக அதிகம் என்பது காங்கிரஸ் விசாரணையின் முடிவு. சுட்ட கைகளும் இந்தியர், கூர்க்காக்கள் கைகளே. அவர்கள் கையில் இருந்தவை லீ-என்பீல்ட் துப்பாக்கிகள்.

கொட்டகையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பெண் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இது அங்கே இருந்ததா?" என்று கிழவர் கேட்டார்.

"அதை எவராலும் சொல்ல முடியாது" என்றேன். மெசபொடேமியாவுக்குப் போயிருக்கலாம், எல்லைப்புறத்தில் இருந்திருக்கலாம், எங்கும் போகாமல் கிடங்கிலேயே உறங்கியிருக்கலாம். சொல்லத் தொடங்கியவன் முழுவதும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டத்தின்படி இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியனுக்கு விதிவிலக்கு. நமது பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் வந்ததும் அதே வருஷத்தில்தான். இஷாப்பூர்த் தொழிலாளி பகலெல்லாம் துப்பாக்கி செய்யலாம். மாலையில் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. ஒழுங்குக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது பிரஜைகளின் உரிமை என்பதை 1931-இல் கராச்சி காங்கிரஸ் தன் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் சேர்த்ததற்குக் காரணம் இந்த அவமானம். ஆயினும் நாம் சுதந்திரம் பெற்றது முக்கியமாக அந்தத் துப்பாக்கியை எடுத்தல்ல, அதற்கு அஞ்சாமல் நின்றே.

அதோடும் கதை முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூர் முத்திரையில் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. 1962-இல் இமயத்தின் பனியில் சீனப் படையை எதிர்த்து நின்ற நம் ஜவான்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது இந்தத் துப்பாக்கியே. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தினத்தன்றுதான் அதற்கு விடை கொடுத்தார்கள்.

"அப்படியானால் இதைச் சரி பண்ணுவது சரியா, தப்பா மாமா?" என்றாள் பெண்.

முப்பது மாணவர்கள் நடுவே இந்தக் கேள்வி வந்திருந்தால் ஏதேனும் சொல்லிச் சமாளித்திருப்பேன். அங்கே அது முடியவில்லை. யோசித்துவிட்டு, "சரி பண்ணுவது தப்பில்லை அம்மா, மறைத்துவிடுவதுதான் தப்பு" என்றேன். அது முழுமையான பதிலா என்று எனக்கே இன்னும் நிச்சயமில்லை.

நமக்கு இதில் என்ன?

நேயர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுப் பரண்மேல் ஏறித் துப்பாக்கி தேட வேண்டாம். நமது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, .303 போன்ற பட்டாளத்து அளவுத் துப்பாக்கிகளைத் தனி மனிதர்கள் வைத்திருக்கத் தடை உண்டு. பாட்டனார் காலத்துப் பொருள் ஏதேனும் அகப்பட்டால் போலீஸ் நிலையத்தில் தெரிவிப்பதே முறை. நான் சொல்ல வந்தது வேறு.

பழையதைப் பழுது பார்ப்பது வேறு, புதிதாக்குவது வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கிறோம். கோயில் திருப்பணி என்று சொல்லிக்கொண்டு, மணலை வேகமாக வீசியடித்துக் கல்லைச் சுத்தம் செய்து, ஆயிரம் வருஷத்து எழுத்துக்களையும் சிலைகளின் முகக்களையையும் தேய்த்துவிட்ட இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டுப் பளபளப்பான புதுப் பாத்திரம் வாங்கிய வீடுகளில் என் வீடும் ஒன்று. ஓர் அந்நிய தேசத்துத் தச்சர், நம் ஆசாரி போட்ட ஒட்டின்மேல் இஸ்திரிப் பெட்டி படாமல் பார்த்துக்கொண்டதைக் கண்ட அன்று அந்த அண்டாவை நினைத்துக்கொண்டேன்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் துப்பாக்கி முழுமை பெற்றது. தாழ்ப்பாளில் வெட்டியிருந்த எண்ணும் உடலில் வெட்டியிருந்த எண்ணும் ஒவ்வாதிருப்பதைக் கிழவர் முன்னமே கண்டிருந்தார். அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தேர்ந்த நிபுணர் அளந்து பார்க்காமல் சுடுவது உயிருக்கு ஆபத்து. அளந்து பார்க்கக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தாராம். "இனி வேண்டாம், இது சுவரிலேயே இருக்கட்டும்" என்றார்.

சுவரில் மாட்டிய பிறகு, கீழே வைப்பதற்கு ஒரு சிறிய அட்டையைப் பெண்ணிடம் கொடுத்து, எழுதித் தரச் சொன்னார். அவள் வெகு நேரம் யோசித்து ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாள். இந்தியாவில் இஷாப்பூரில் 1918-இல் செய்யப்பட்டது என்பது முதல் வரி. இதைப் போன்ற துப்பாக்கிகளால் 1919-இல் அமிர்தசரஸில் சுட்டார்கள் என்பது இரண்டாவது. இதைப் போன்ற துப்பாக்கிகளோடு 1962-இல் எல்லையைக் காத்தார்கள் என்பது மூன்றாவது. கட்டையின் ஒட்டு ஓர் இந்தியத் தச்சர் போட்டது. பெயர் தெரியவில்லை என்பது நாலாவது.

கிழவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். ஓர் எழுத்தையும் மாற்றாமல் அட்டையைச் சுவரில் ஆணியடித்துப் பொருத்தினார்.